சுரை விதையும் தில்லி வசந்தமும்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் ஊர்ச் சொல். தைப் பட்டமும் நமக்குத் தெரியும். எந்த மாதத்தில் எதை ஊன்றினால் முளைக்கும் என்று நம் பாட்டிமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பிழைப்புக்காகத் தில்லிக்குப் போன நம் மக்கள் என்ன செய்வார்கள்? ஊரிலிருந்து போகும்போது நாலு சுரை விதையை முடிந்து எடுத்துப் போகிறார்கள். வீட்டின் முன்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. அல்லது மொட்டை மாடியில் நாலு தொட்டி இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் விதையை ஊன்றுகிறார்கள். பத்து நாள் ஆகிறது. முளை வரவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை அழுகிக் கிடக்கிறது.

சரி, குளிர் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். பங்குனி பாதியில் மறுபடி ஊன்றுகிறார்கள். ஐந்தாறு நாளில் முளைக்கிறது. கொடி ஓடுகிறது. பூவும் பூக்கிறது. காய் மட்டும் இல்லை. அதற்குள் அனல் காற்று வந்துவிடுகிறது. கொடி கருகிப் போகிறது.

விதை கெட்டதா? இல்லை. மண் கெட்டதா? அதுவும் இல்லை. வேளை தப்பிவிட்டது.

குளிருக்கும் அனலுக்கும் நடுவே

தில்லியில் வசந்த காலம் மிகவும் சிறியது. தை கடைசியில் தொடங்கும். பங்குனியில் முடிந்துவிடும். கணக்கைப் பாருங்கள். ஜனவரியில் இரவு வெப்பம் சராசரியாக 7 டிகிரி. பிப்ரவரியில் 10 டிகிரி. மார்ச்சில் 15 டிகிரி. பகல் வெப்பம் மார்ச்சில் 30 டிகிரி ஆகிறது. ஏப்ரலில் 36. மே மாதத்தில் 40. நம் ஊர் மார்கழிப் பனியில்கூட இரவு வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் வேறு கதை.

இவை சராசரிதான். சில நாட்களில் நிலைமை இன்னும் கடுமையாக இருக்கும். 2021 ஜனவரி முதல் நாள் தில்லி சப்தர்ஜங்கில் வெப்பம் 1.1 டிகிரிக்கு இறங்கியது. அதே சப்தர்ஜங்கில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி வெயில் அடித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் சுரைக்கொடி முளைத்து, படர்ந்து, காய்க்க வேண்டும்.

மே மாதத்தில் மேற்கிலிருந்து ஒரு காற்று வீசும். அதன் பெயர் லூ. அடுப்பு வாயைத் திறந்ததுபோல் முகத்தில் அறையும். அந்தக் காற்றுக்கு முன்னால் வேர் ஆழமாக இறங்கிவிட வேண்டும். இறங்கிய கொடி பிழைக்கும். இளங்கொடி வாடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. சுரை, பீர்க்கு, பாகல், பூசணி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே கொடியில் இரண்டும் தனித்தனியாகப் பூக்கும். பெண் பூவுக்கு அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். இரவு குளிர்ச்சியாகவும் பகல் சிறிதாகவும் இருந்தால் பெண் பூ நிறைய வரும். வெயில் ஏறி, பகல் நீண்டுவிட்டால் ஆண் பூ பெருகும். பங்குனி பாதிக்கு மேல் ஊன்றிய கொடி பூத்தும் காய்க்காததற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆக, முன்னால் ஊன்றினால் விதை அழுகும். பின்னால் ஊன்றினால் காய் பிடிக்காது. இதற்கு என்ன வழி? வெளியே குளிர் இருக்கும்போதே, விதைக்கு மட்டும் ஒரு சூடான இடம் செய்து கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் பசுமைக்குடில்.

யமுனைக் கரையில் பார்த்த வித்தை

பசுமைக்குடில் என்றதும் பணக்காரர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இரும்புக் குழாய், கண்ணாடிக் கூரை எல்லாம் இருந்தால்தான் குடில் என்பதில்லை.

தில்லியில் யமுனை மணலில் பல தலைமுறைகளாக வெள்ளரி, முலாம்பழம், தர்பூசணி, சுரை பயிர் செய்து வந்தார்கள். வெள்ளம் வடிந்த பின் மணலில் குழி தோண்டுவார்கள். குழியில் மக்கிய எருவை நிரப்புவார்கள். குளிர் காலத்திலேயே விதையை ஊன்றிவிடுவார்கள். பிறகு சர்க்கண்டா என்ற உயரமான நாணற்புல்லைக் கொண்டு வந்து, குழிகளின் வடமேற்குப் பக்கம் சாய்வாக நட்டு வைப்பார்கள். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அந்தத் தட்டி தடுக்கும். தெற்கிலிருந்து வரும் வெயில் தடையில்லாமல் விழும். அடியில் எரு மக்கும்போது லேசான சூடு தரும். நாற்று பிழைத்துக்கொள்ளும். ஏப்ரலில் தில்லிச் சந்தைக்கு முதல் வெள்ளரி வந்துவிடும். பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே இருந்த வித்தை இது.

இப்போது அந்த ஆற்றுநீரில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. அதனால் 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தில்லி யமுனை வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர் செய்யக் கூடாது என்று தடை விதித்தது. அதை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. ஆறு கெட்டதற்கு அவர்கள் காரணம் இல்லை. ஆனாலும் வித்தை கெடவில்லை. அதை நம் மாடிக்கும் முற்றத்துக்கும் கொண்டு வரலாம்.

வீட்டுக் குடில்

வெயிலில் நிற்கும் பேருந்தில் ஏறியிருக்கிறீர்களா? சன்னல்கள் மூடியிருந்தால் உள்ளே எப்படி இருக்கும்? வெளியே இருப்பதைவிடப் புழுக்கமாக இருக்கும் அல்லவா? கண்ணாடி வழியே வெயில் உள்ளே போகிறது. இருக்கைகளும் தரையும் சூடாகின்றன. சூடான காற்று வெளியே போக வழியில்லை. பசுமைக்குடிலும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

செய்முறை எளிது. தெற்கு வெயில் விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். நாலு மூங்கில் பிளாச்சுகளை வில்போல வளைத்து மண்ணில் குத்துங்கள். முழங்கால் உயரம் போதும். மேலே தெளிவான பிளாஸ்டிக் தாளை மூடுங்கள். ஓரங்களில் செங்கல் வையுங்கள். மாடியில் மண் இல்லை என்றால் பழைய மரப்பெட்டியின்மேல் தாளைக் கட்டலாம். கறுப்புத் தாள் வேண்டாம். வெளிச்சம் உள்ளே போக வேண்டும்.

இனி விதை. ஜனவரி கடைசி வாரத்தில் சுரை, பீர்க்கு, பாகல் விதைகளை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். பாகல் விதைக்குத் தோல் கடினம். அதை ஈரத்துணியில் சுற்றிச் சமையலறையில் கதகதப்பான மூலையில் இரண்டு மூன்று நாள் வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். சிறு பிளாஸ்டிக் பைகளில் அடியில் துளை போடுங்கள். பாதி மண், பாதி மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். ஒரு பைக்கு இரண்டு விதை. ஒரு விரல் கணு ஆழம். அதற்குமேல் போனால் முளை மேலே வரத் திணறும்.

பால் வரும் பைகளே இதற்குப் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

கொடி நாற்றின் வேரைப் பிடுங்கி நட்டால் வாடிவிடும். அதனால்தான் பை. பிறகு பையைக் கிழித்து, மண்ணோடு அப்படியே குழியில் வைத்துவிடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் அப்படி இல்லை. அவற்றின் நாற்றைப் பிடுங்கி நடலாம். ஆனால் அவற்றுக்கு நவம்பரிலேயே நாற்று விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிப்ரவரி தொடக்கத்தில் நர்சரியில் நாற்று வாங்கி நடுங்கள். தாமதம் செய்தால் தக்காளி பூக்கும், காய் நிற்காது. பகலில் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதன் பூ உதிர்ந்துவிடும்.

விதைப் பொட்டலத்தைப் படியுங்கள்

ஊர் விதை இல்லாதவர்கள் கடையில் வாங்குவார்கள். தில்லிக் கடையில் பொட்டலத்தின்மேல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் எல்லா மொழிக்கும் பொது. உங்களுக்கு எண் படிக்கத் தெரியும்.

மூன்று எண்களைத் தேடுங்கள். முதலாவது, முளைப்புத் திறன். நூறு விதைக்கு எத்தனை முளைக்கும் என்ற கணக்கு அது. இரண்டாவது, விதையைச் சோதித்த தேதி. மூன்றாவது, எந்தத் தேதி வரை விதை செல்லும் என்பது. அந்தத் தேதி கடந்திருந்தால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. சில விதைகள் சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறி இருக்கும். அது பூசணக் கொல்லி மருந்து. அதைக் குழந்தைகள் தொடக் கூடாது. மீதி விதையைச் சமையலுக்கும் எடுக்கக் கூடாது.

பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். சுரைக்கு அங்கே கியா அல்லது லௌகி என்று பெயர். பாகல் என்றால் கரேலா. வெண்டை என்றால் பிண்டி. வெள்ளரி என்றால் கீரா. தோரி என்று மட்டும் கேட்டால் வழுவழுப்பான மெழுகு பீர்க்கைக் கொடுத்துவிடுவார்கள். நம் வரிப் பீர்க்கு வேண்டுமென்றால் நஸ்தார் தோரி என்று கேளுங்கள்.

தில்லியில் பூசா என்று ஓர் இடம் உண்டு. அங்கே இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இந்த நிறுவனம் 1905-இல் பீகாரில் உள்ள பூசா என்ற ஊரில் தொடங்கியது. 1934-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் அதன் கட்டடம் இடிந்தது. 1936-இல் தில்லிக்கு மாறியது. ஊர் மாறினாலும் பழைய ஊரின் பெயரையே இங்கும் கூப்பிடுகிறார்கள். அங்கே உருவான விதைகளுக்கும் அந்தப் பெயர்தான். சுரையில் பூசா நவீன். மெழுகு பீர்க்கில் பூசா சிக்னி. பாகலில் பூசா தோ மௌசமி. வசந்தம், மழை என்று இரண்டு பருவத்துக்கும் வரும் என்பது அதன் பொருள். குளிர் முடியும் சமயத்தில் அங்கே உழவர் திருவிழா நடக்கும். யாரும் போகலாம். விதையும் வாங்கலாம்.

திறக்கத் தெரிய வேண்டும்

குடிலைக் கட்டுவது எளிது. திறப்பதில்தான் கவனம் வேண்டும். குளிரில் பிழைத்த நாற்றைப் பிப்ரவரி வெயிலில் வேகவைத்துக் கொல்பவர்கள் உண்டு.

ஜனவரியில் மூடுபனி மூடிய நாளில் தாளைத் திறக்க வேண்டாம். வெயில் வந்த நாளில் காலை பத்து மணிக்கு ஒரு பக்கம் தூக்கிவிடுங்கள். மாலை நாலு மணிக்கு மூடுங்கள். அப்போதுதான் பகல் சூடு இரவுக்குத் தங்கும். சந்தேகம் வந்தால் நடுப்பகலில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கைக்குப் பொறுக்காத சூடு நாற்றுக்கும் பொறுக்காது.

தாளின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். நாற்றின் அடித்தண்டு நூல்போல் சுருங்கும். மறுநாள் சாய்ந்துவிடும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். மருந்தைவிடக் காற்றுதான் இதற்கு நல்லது. தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும்.

பிப்ரவரி நடுவில் பகல் முழுவதும் திறந்து வைக்கலாம். அதற்கு அடுத்த வாரம் இரவிலும் திறந்து வையுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள். தொட்டில் பிள்ளை தரையில் நடக்கப் பழகுவதுபோல் நாற்று வெளிக்காற்றுக்குப் பழக வேண்டும். சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்கள் நம் பெரியவர்கள். தில்லிக்கும் அது ஏறக்குறையப் பொருந்தும். நாலு இலை விட்ட நாற்றைப் பிப்ரவரி கடைசியில் குழியிலோ பெரிய தொட்டியிலோ நட்டுவிடுங்கள். ஏப்ரல் நடுவில் முதல் காய் பறிக்கலாம். வெண்டையையும் முளைக்கீரையையும் இதே சமயத்தில் நேராக மண்ணிலேயே விதைக்கலாம். அவற்றுக்குக் குடில் வேண்டாம்.

ஆனால் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2022-இல் இந்தியாவில் 1901-க்குப் பிறகு இல்லாத அளவு மார்ச் மாத வெயில் கொளுத்தியது. வசந்தம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வானத்தையும் பாருங்கள், காலண்டரையும் பாருங்கள்.

ஹோலிப் பண்டிகைக்குள் பிளாஸ்டிக் தாளைக் கழற்றிவிடுங்கள். கழுவி, நிழலில் உலர்த்தி, மடித்து வையுங்கள். வெயிலில் கிடந்தால் கோடைக்குள் நொறுங்கிப் போகும். மூங்கில் வில் அப்படியே இருக்கட்டும். ஏப்ரலில் அதன்மேல் பச்சை வலையோ பழைய வெள்ளைப் புடவையோ கட்டுங்கள். குளிருக்குக் கட்டிய குடில் இப்போது நிழலுக்கு ஆகிறது. கீரைக்கும் சிறு நாற்றுக்கும் அந்த நிழல் வேண்டும்.

வசந்தத்தின் மற்ற வேலைகள்

கறிவேப்பிலை இல்லாமல் நமக்குச் சமையல் ஏது? தில்லிக் குளிரில் அது இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் காய்ந்த நுனிகளை வெட்டி, ஒரு கூடை எரு போடுங்கள். துளிர்த்துவிடும். குளிர் காலத்தில் அதற்கு அதிகத் தண்ணீர் விட்டால்தான் ஆபத்து. வேர் அழுகும்.

குண்டு மல்லியை ஜனவரியில் வெட்டிவிட்டிருப்பீர்கள். பிப்ரவரியில் எருவும் தண்ணீரும் கொடுத்தால் சித்திரையில் மொட்டு வரும். லூ காற்றில் மற்றதெல்லாம் வாடும்போது மல்லிகை மட்டும் சிரிக்கும். அதற்கு வெயில்தான் வேண்டும்.

பூச்செடி வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. பிப்ரவரியில் தில்லி முழுவதும் பூவாக இருக்கும். குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ருத் உத்யான் தோட்டத்தை அப்போதுதான் மக்களுக்குத் திறப்பார்கள். பார்த்துவிட்டு ஆசையோடு நர்சரியில் அதே செடியை வாங்கி வருவோம். ஏப்ரலில் அது காய்ந்துவிடும். அவை செப்டம்பர், அக்டோபரில் விதைத்த குளிர்காலச் செடிகள். அவற்றின் காலம் முடியப் போகிறது. கோடைக்கு வாடாமல்லியும் பத்துமணிப் பூவும் போடுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. வசந்தத்தில் மரங்கள் இலை உதிர்க்கும். வேம்பும் அரசும் உதிர்ந்து தெருவெல்லாம் சருகாகக் கிடக்கும். அதைக் கூட்டித் தீ வைப்பார்கள். வைக்கக் கூடாது. புகை நெஞ்சைக் கெடுக்கும். சட்டப்படியும் குற்றம். 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தச் சருகைச் சாக்கில் அடைத்து, நனைத்து, மூலையில் வையுங்கள். மழைக்காலம் கழிந்து பார்த்தால் கறுப்பாக மக்கியிருக்கும். கொஞ்சம் சருகைக் கொடியின் அடியில் பரப்பினால் ஈரம் காயாது.

மாடியில் தொட்டி வைப்பவர்கள் எடையையும் நினைக்க வேண்டும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். சுவரை ஒட்டி வையுங்கள். நடுவில் குவிக்க வேண்டாம். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். 1996-இல் தில்லியில் அந்தக் காய்ச்சலால் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பூ கையில், காய் நாக்கில்

கொடி பந்தல் ஏறிவிட்டது. இப்போது மறுபடியும் ஆண் பூ, பெண் பூவுக்கு வருவோம். நகரத்து மாடியில் வண்டும் தேனீயும் குறைவு. பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். அந்த வேலையை நாமே செய்யலாம். சுரைப் பூ வெள்ளை. மாலையில்தான் விரியும். பாகலும் பூசணியும் காலையில் விரியும். விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறியுங்கள். இதழைக் கிள்ளிவிடுங்கள். நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுத் தடவுங்கள். ஒரே இனத்துப் பூவாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தலை குனிந்து பருக்கத் தொடங்கும். வேலை முடிந்து வந்து விளக்கு வைக்கும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். குழந்தைகளும் விரும்பிச் செய்வார்கள்.

சுரைக்காய் நகம் பட்டால் இறங்கும் பருவத்தில் பறித்துவிடுங்கள். முற்றவிட்டால் கொடி அடுத்த காய் விடாது.

பறித்ததும் ஒரு வேலை இருக்கிறது. காம்புப் பக்கம் ஒரு சிறு துண்டு வெட்டி, நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசக்கிறதா? உடனே துப்பிவிடுங்கள். அந்தக் காயை முழுவதும் குப்பையில் போடுங்கள். சுரையில் எப்போதாவது ஒரு காய் கசக்கும். அந்தக் கசப்பு விஷம். வேகவைத்தாலும் போகாது. உப்பும் புளியும் அதை மறைக்கலாம், மாற்றாது. உடம்புக்கு நல்லது என்று பச்சைச் சாறாகக் குடிப்பவர்கள் கட்டாயம் ருசி பார்க்க வேண்டும். 2010-இல் தில்லியில் கசந்த சுரைச் சாற்றைக் குடித்த ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு இதைப் பற்றி ஆராய்ந்து எச்சரிக்கை கொடுத்தது. பாகலின் கசப்பு வேறு. அது அதன் இயல்பு. சுரையும் பீர்க்கும் வெள்ளரியும் கசந்தால் தின்னக் கூடாது. தெரியாமல் தின்று வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் கைவைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய் கசந்த கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.